மேல்வீட்டுச் சத்தமும் ஊர் ஏக்கமும்: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் செங்காங்கில் நாலறை வீட்டில் இருக்கிறோம். மறுவிற்பனையில் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மேல்வீட்டில் பிள்ளைகள் இரவு பதினொன்று வரை ஓடுகிறார்கள். நாற்காலியை இழுக்கிறார்கள். நேரங்கெட்ட நேரத்தில் எதையோ இடிக்கிறார்கள். நள்ளிரவில் கோலிக்குண்டு உருளும் சத்தம்கூட கேட்கிறது. என் கணவருக்கு ஷிஃப்ட் வேலை என்பதால் பகலிலும் தூங்க வேண்டும். நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்தவள். அந்த அமைதிக்கு மனம் கிடந்து தவிக்கிறது. வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்றும் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அற்ப விஷயம் இல்லை. "பிள்ளைங்கன்னா ஓடத்தான் செய்யும், பொறுத்துப் போ" என்று உங்களிடம் பலரும் சொல்லியிருப்பார்கள். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டால் உடம்பு தளரும், வீட்டுக்குள் சண்டை வரும். அக்கம்பக்கத்துப் பிணக்குகளில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், சத்தத்தால் நொந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கோபம் நியாயமானது. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் கேள்வி.

கோலிக்குண்டிலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களில் இந்தச் சத்தத்தைக் கேட்காதவர்கள் குறைவு. மேலே யாரும் கோலி விளையாடவில்லை. குழாயில் ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது ஏற்படும் அதிர்வு, பகல் வெயிலில் சூடான கான்கிரீட் இரவில் குளிர்ந்து சுருங்குவது ஆகியவையே பெரும்பாலும் காரணம். ஆகவே இந்தச் சத்தத்தை மேல்வீட்டுக் கணக்கிலிருந்து இன்றே நீக்கிவிடுங்கள். நீங்கள் பேசப் போகும்போது இதையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் உண்மையாகவே மறுப்பார்கள். அதன்பின் மற்ற புகார்களையும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து, சத்தம் நேர் மேல்வீட்டிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். பேச்சு, தொலைக்காட்சி போன்றவை காற்று வழியே, அதாவது சன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் வரும். இடிப்பது, ஓடுவது, இழுப்பது எல்லாம் கான்கிரீட் தளத்தை அதிரவைத்து, அந்த அதிர்வு சுவர் வழியாக இறங்கி உங்கள் அறையில் சத்தமாக வெளிப்படும். அதனால் இரண்டு மாடி மேலே இடித்தாலும், பக்கவாட்டு வீட்டில் இடித்தாலும் தலைக்கு மேலேயே கேட்பதுபோல் இருக்கும். இதில் ஏமாறுவது மிகச் சுலபம். பேச்சுவார்த்தைக்கு வந்த பிறகு, "அந்த வாரம் நாங்கள் ஊரிலேயே இல்லை" என்று மேல்வீட்டார் சொல்ல, புகார் கொடுத்தவர் திகைத்துப்போவதும் நடக்கிறது. சத்தம் வரும் நேரத்தில் கணவர் வீட்டில் இருக்கட்டும். நீங்கள் கைப்பேசியில் அவரிடம் பேசிக்கொண்டே மேலே ஒவ்வொரு மாடியாக நடைபாதையில் நடந்து பாருங்கள். யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம், கடந்து போனாலே போதும்.

சரி, மேல்வீடுதான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுக்குள் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கனமான திரைச்சீலையும் சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகையும் உங்கள் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், மேலிருந்து இறங்கும் அதிர்வைத் தடுக்காது. பொய்க்கூரை அடித்து உள்ளே கனிமப் பஞ்சு வைத்தால் ஓரளவு குறையும். ஆனால் செலவு பெரிது, அறையின் உயரமும் குறையும், அதிர்வு சுவர் வழியே வந்துகொண்டுதான் இருக்கும். காது அடைப்பான் பேச்சுச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும், 'தொம் தொம்' என்ற காலடியை அவ்வளவாகத் தடுக்காது. மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்துக்கொள்வது உண்மையிலேயே உதவும். விட்டுவிட்டு வரும் சத்தம்தான் தூக்கத்தை அதிகம் கலைக்கிறது. விசிறியின் ஒரே சீரான ஓசை சிறு சத்தங்களை மூடிவிடும்.

காலடிச் சத்தத்துக்கு மருந்து மேல்வீட்டுத் தரையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் ஓடும் இடத்தில் தடித்த விளையாட்டு விரிப்பு, நாற்காலிக் கால்களுக்குக் கம்பளி ஒட்டு, இடிகல்லுக்கு அடியில் நாலாக மடித்த துண்டு. மொத்தச் செலவு பொய்க்கூரையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. இதனால்தான் அவர்களோடு பேசாமல் இந்தப் பிரச்சினை தீராது என்கிறேன். நல்லெண்ணத்துக்காக மட்டும் சொல்லவில்லை, கட்டடம் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

எப்படிப் பேசுவது? சத்தம் கேட்கும் அந்த நிமிடத்தில் மேலே போகாதீர்கள். கோபம் முகத்தில் தெரியும், அவர்களும் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் பரபரப்பில் இருப்பார்கள். வார இறுதியில் பகல் நேரத்தில் கணவரோடு போங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம், கொஞ்சம் பழமோ முறுக்கோ போதும். "ஆண்ட்டி, நாங்கள் கீழ்வீடு. இவருக்கு ஷிஃப்ட் வேலை, தூங்குகிற நேரம் மாறிக்கொண்டே இருக்கும். ராத்திரி பத்து மணிக்குமேல் ஓடுவது கீழே ரொம்பக் கேட்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதனால்தான் சொல்ல வந்தோம்." இவ்வளவுதான். ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாற்காலி, இடிகல் எல்லாவற்றையும் முதல் நாளே அடுக்கினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். விரிப்பை நீங்களே வாங்கிக் கொடுக்க முன்வரலாம். "தப்பு அவங்களோடது, செலவு எனக்கா?" என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம்தான். ஆனாலும் கொடுத்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். கையில் வாங்கிய பொருளைப் பெரும்பாலானவர்கள் தரையில் விரித்துவிடுவார்கள், அறிவுரையை அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், அவர்கள் எந்த நேரத்தில் எதற்காக இடிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை முடிந்து இரவு எட்டரைக்கு வீடு வந்து மறுநாளுக்குச் சம்பல் அரைப்பவராக இருக்கலாம். நம் வீட்டிலும் ரசத்துக்கு மிளகு சீரகம் தட்டுகிறோம். உங்களுக்குக் கீழே ஒரு வீடு இருந்தால் அவர்களிடமும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவது, பதிலுக்குப் பாட்டைச் சத்தமாக வைப்பது, இரண்டும் கூடவே கூடாது. அந்த நிமிடத்தில் மனம் ஆறும், ஆனால் அன்றிலிருந்து நீங்களும் சத்தம் போட்டவர் ஆகிவிடுவீர்கள். பின்னால் யாரிடம் முறையிட்டாலும் அது உங்களுக்கு எதிராக நிற்கும்.

பேசியும் நடக்கவில்லை என்றால் அடுத்த வழிகள் இருக்கின்றன. 2022இல் அமைக்கப்பட்ட, அக்கம்பக்கச் சத்தம் குறித்த சமூக ஆலோசனைக் குழு, இரவு 10 மணி முதல் காலை 8 மணிவரை அமைதி நேரமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குமுன் அது இரவு 10.30 முதல் காலை 7 வரை என்று இருந்தது. இதை மீறினால் உடனே அபராதம் என்று நினைத்துவிடாதீர்கள், இது அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் காட்டவேண்டிய அளவுகோல். பேசும்போது ஒரு பொதுப் பிடிமானமாக உதவும். அரசாங்கத்தின் ஒன்சர்விஸ் கைப்பேசிச் செயலி வழியாகவும் புகாரைத் தெரிவிக்கலாம்.

அதற்கும் மேல் தேவைப்பட்டால் சமூக சமரச நிலையம். 1998லிருந்து இயங்குகிறது. பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைப்பார். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், நீங்களே ஒரு முடிவுக்கு வர உதவுவார். என் கணிப்பில், உங்களுடையதைப்போன்ற பிணக்குக்கு மிகப் பொருத்தமான இடம் இதுதான். இதைத் தாண்டி, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அண்டை வீட்டுப் பிணக்குகளுக்கென்றே ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம், சத்தத்தை நிறுத்தும்படி ஆணையும் கேட்கலாம். ஆனால் நிரூபிக்கும் சுமை உங்களுடையது. சத்தத்தை நிரூபிப்பது கடினம், முடிந்த பிறகும் அதே மின்தூக்கியில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். அவசரப்பட்டு அங்கே போகாதீர்கள். 2025இல் தெம்பனிஸ் வட்டாரத்தில் மட்டும் சோதனை முறையில் தொடங்கப்பட்ட சமூக உறவுப் பிரிவின் அதிகாரிகளுக்கு விசாரிக்கவும், சத்தத்தைக் கருவி வைத்து அளக்கவும், நிறுத்தச் சொல்லவும் அதிகாரம் உண்டு. அது மிகக் கடுமையான வழக்குகளுக்கானது.

எந்த வழியில் போனாலும் ஒரு குறிப்பேடு வேண்டும். தேதி, நேரம், என்ன சத்தம், எவ்வளவு நேரம் நீடித்தது. கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலிகளைப் பெரிதாக நம்பாதீர்கள், அவை சரிபார்க்கப்பட்ட கருவிகள் அல்ல. இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால் உங்களுக்கே ஒரு தெளிவு வரும். தினமும் என்று நினைத்தது வெள்ளி, சனி மட்டும் என்று தெரியவரலாம்.

கணவரின் பகல் தூக்கத்துக்கு இந்த விதிகள் எதுவும் துணை வராது. பகலில் மற்றவர்கள் புழங்கத்தான் செய்வார்கள். வீவக விதிப்படி, சுவர் இடிப்பது, ஓடு உடைப்பது போன்ற பெருஞ்சத்தப் புதுப்பிப்பு வேலைகள் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை நடக்கலாம், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கூடாது. புளோக்கில் புதுப்பிப்பு வேலை பற்றிய அறிவிப்பு ஒட்டியிருந்தால் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பணி வாரமும் அந்த வேலையும் ஒன்றாக வந்தால், அந்த நாட்களில் மட்டும் அவர் உறவினர் வீட்டில் தூங்கட்டும்.

இனி ஊர் விஷயம். நீங்கள் சொல்லும் அமைதியைக் கொஞ்சம் கூர்ந்து நினைத்துப் பாருங்கள். மன்னார்குடிப் பக்கத்து வயல்காட்டில் மழை பெய்த இரவு தவளை கத்தி ஊரையே நிரப்பும். பம்புசெட்டு ஓடும். மார்கழியில் விடியுமுன்னே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். நாய் குரைக்கும், கல்யாண வீட்டில் பாட்டு ஓடும். ஆனாலும் நீங்கள் தூங்கினீர்கள். அது யார் வீட்டு நாய், எந்த வீட்டுக் கல்யாணம், எத்தனை மணிக்கு முடியும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சத்தம் எவ்வளவு உறுத்துகிறது என்பது டெசிபலை மட்டும் பொறுத்ததல்ல என்று இத்துறை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. சத்தம் போடுபவர்மேல் நமக்கிருக்கும் எண்ணமும், 'நினைத்தால் நிறுத்தலாமே, நிறுத்தவில்லையே' என்ற ஆற்றாமையும் அதைக் கூட்டுகின்றன. மேல்வீட்டாரின் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் ஏங்குவது பாதி ஓசையின்மைக்கு என்றால், மீதிப் பாதி தெரிந்த மனிதர்களுக்கு நடுவில் இருப்பதற்கு. அதனால்தான் முறுக்கோடு மேலே போகச் சொன்னேன்.

அமைதிக்கான அந்த முதல் பாதி ஏக்கத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. மரம், தண்ணீர், திறந்த வானம், இவை இல்லாமல் கிராமத்துப் பிள்ளைக்கு மூச்சு முட்டும். செங்காங்கிலிருந்து லோரோங் ஹாலூஸ் ஈரநிலம் தூரமில்லை. 1999 வரை குப்பை கொட்டிய அந்த இடத்தில் இன்று நாணலும் குளமும் இருக்கின்றன. காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். முழு நாள் கிடைத்தால் சாங்கி முனையிலிருந்து படகில் புலாவ் உபின் தீவு, பத்து நிமிடப் பயணம்தான். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் வலசைப் பறவைகள் இருக்கும். லிம் சூ காங் பண்ணைப் பக்கம் நம் ஊர் மண்வாசனை வரும், ஆனால் பக்கத்தில் தெங்கா விமானத் தளம் இருப்பதால் போர் விமானச் சத்தம் கேட்கலாம். மாதம் ஒருமுறை என்று நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். 'நேரம் கிடைக்கும்போது' என்று விட்டால் கிடைக்கவே கிடைக்காது.

வீட்டை விற்பதைப் பற்றி. மூன்று ஆண்டுதான் ஆகிறது என்கிறீர்கள். மறுவிற்பனை வீட்டுக்கு ஐந்தாண்டு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் உண்டு, ஆக இப்போது விற்க முடியாது. அதற்குள் ஒருமுறை ஊருக்குப் போய், விருந்தாளியாக இல்லாமல், சமையல், கடை, மருத்துவமனை என்று ஒரு மாதமாவது குடித்தனம் நடத்திப் பாருங்கள். இங்கேயே வேறு வீடு பார்ப்பதாக இருந்தால், உச்சி மாடியே வேண்டும் என்று பலர் தேடுகிறார்கள். தலைக்கு மேல் காலடி இருக்காது என்பது உண்மை. ஆனால் வெயில் நேரே இறங்கும், சில புளோக்குகளில் மின்தூக்கி இயந்திரமும் தண்ணீர்ப் பம்பும் கேட்கும். வீட்டு முகவர் அழைத்துப் போகும் சனிக்கிழமை மதியத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வார நாளில் இரவு ஒன்பதரைக்கு நீங்களாகப் போய், கீழே காப்பிக்கடை எவ்வளவு தூரம், பந்து விளையாடும் திடல் எந்தப் பக்கம், எல்ஆர்டி (இலகு ரயில்) தடம் எந்த அறையைப் பார்த்து இருக்கிறது என்று நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.