ஓணச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன கொண்டு போகலாம்?

(நாகர்கோவிலில் பிறந்து, கல்யாணமாகி திருச்சூரில் குடித்தனம் நடத்தும் நம் 'சேச்சி', மலையாளிகளின் பண்டிகைகள் குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

எதிர் வீட்டு மலையாளக் குடும்பம் திருவோணத்தன்று மதியச் சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. வெறுங்கையோடு போக மனசில்லை. என்ன கொண்டு போகலாம்? இலையில் எதை எப்படிச் சாப்பிடுவது என்றும் சொல்லுங்களேன்.
– வாசகி, கோயம்புத்தூர்

ஸ்வீட் பாக்ஸ் மட்டும் வேண்டாம். அன்றைக்கு அந்த வீட்டில் எப்படியும் இரண்டு பாயசம் இருக்கும். நீங்கள் கொண்டு போகும் மைசூர்பாகு நேராக ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். அதற்குப் பதில் முந்தின நாள் சாயங்காலம் பூ வாங்கிக் கொடுங்கள், கோலத்துக்கு ஆகும். முந்தின நாள் என்பது உத்திராடம். மலையாளி வீடுகளில் அன்று யாருக்கும் கால் தரையில் பாவாது. அந்த ஓட்டத்துக்கு உத்திராடப் பாச்சில் என்று பேரே உண்டு. அரை மணி நேரம் உட்கார்ந்து அவியலுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தால், எதிர் வீட்டு அம்மா உங்களை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்.

இலையின் நுனி உங்கள் இடது பக்கம் இருக்கும். உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்), சர்க்கரை வரட்டி (அதே வறுவல், வெல்லத்தில் புரட்டியது), ஊறுகாய், புளியிஞ்சி எல்லாம் அந்த ஓரத்தில் விழும். தோரன், அவியல், ஓலன், காளன், எரிசேரி என்று மற்றவை வரிசை கட்டும். முதல் சோறு பருப்புக்கும் நெய்க்கும், பப்படத்தை அதில் நொறுக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தது சாம்பார். அப்புறம் பாயசம் வந்துவிடும். நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான்: பாயசம் வந்தாச்சு, பந்தி முடிந்தது என்று இலையை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். பாயசத்துக்குப் பிறகு மறுபடி சோறு வரும், ரசமும் மோரும் அதற்குத்தான்.

அடைப் பிரதமன் என்கிற வெல்லப் பாயசத்தை இலையிலேயே ஊற்றுவார்கள். ஸ்பூன் கேட்காதீர்கள். சின்னப் பழம் ஒன்றைப் பிசைந்து, ஒரு பப்படத்தை மேலே நொறுக்கி, விரல்களைக் குவித்து ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து எடுக்க வேண்டும். வெல்லமும் தேங்காய்ப்பாலும் திகட்டினால் புளியிஞ்சியை ஒரு தொடு தொட்டு நாக்கில் வையுங்கள், அடுத்த கரண்டிக்கு இடம் கிடைத்துவிடும். எங்கள் தெற்குப் பக்கம் போளியைப் பிய்த்துப் போட்டு, பால் பாயசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவோம். திருச்சூரில் அதை விசித்திரமாகப் பார்க்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கட்சி மாறவில்லை.

இன்னொன்று. அவர்கள் கண்ணூர், கோழிக்கோடு பக்கத்துக் குடும்பம் என்றால் இலையில் மீனோ கோழியோ வரலாம். அங்கே அது வழக்கம். நீங்கள் சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓணம் மகாபலிக்கா, வாமனருக்கா? காலால் அழுத்தியவரையும் கும்பிட்டு, அழுத்தப்பட்டவரையும் வரவேற்பது எப்படி?
– வாசகர், கும்பகோணம்

இரண்டு பேருக்கும்தான். கொச்சிக்குப் பக்கத்தில் திருக்காக்கரையில் வாமனருக்குக் கோயில் இருக்கிறது. ஓணத்தின் தொடக்கமே அங்கேதான் என்பது அவர்கள் நம்பிக்கை. வீட்டு முற்றத்தில் களிமண்ணைக் கூம்பு மாதிரி பிடித்து, அரிசி மாவு கரைத்து ஊற்றி, தும்பைப் பூ வைத்து, பூவடை நிவேதனம் செய்கிறார்களே, அவர் பெயர் திருக்காக்கரையப்பன். அது வாமனர் என்பவர்களும் உண்டு, மாவேலி, அதாவது மகாபலி, என்பவர்களும் உண்டு. இது யார் என்று நான் கேட்டபோது, "முதல்ல விளக்கில் எண்ணெய் ஊற்று" என்று மாமியார் முடித்துவிட்டார்.

ஓணம் நமக்கும் புதிதில்லை. மதுரைக்காஞ்சியில் பாண்டியனின் மதுரை கொண்டாடும் 'ஓண நன்னாள்' வருகிறது. அது அவுணரை, அதாவது அசுரரை, வென்ற மாயோனுக்கு (திருமாலுக்கு) உரிய நாள். மாவேலி ஊர் பார்க்க வரும் கதை அதில் இல்லை.

ஆபீஸில் பூக்கோலப் போட்டி. சாயம் போட்ட உப்பும் மரத்தூளும் போதும் என்கிறார் மேனேஜர். சரியா?
– வாசகர், சென்னை

மேனேஜர் பரிசு கொடுக்கிறவர், அதனால் சரி. ஆனால் அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் முற்றத்தில் போடுகிற கோலத்துக்குப் பூ வேண்டும். முதல் நாள் ஆடம்பரமே கிடையாது. சாணி மெழுகிய இடத்தில் கையளவு தும்பை, கொஞ்சம் துளசி, அவ்வளவுதான். நாளாக ஆக வட்டம் பெரிதாகும். சிவப்புப் பூ மூன்றாம் நாள் சோதியில்தான் சேர வேண்டும் என்று எங்கள் தெருவில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிற பாட்டிகள் உண்டு. இப்போது கேரள முற்றங்களில் விழுகிற செண்டுமல்லியும் வாடாமல்லியும் பெரும்பாலும் தோவாளை மாதிரி நம் பக்கத்துச் சந்தைகளிலிருந்து லாரி ஏறி வந்தவை. எங்கள் ஊர்ப் பூ என்று நான் பெருமை பேசினால் மாமியார் தும்பைச் செடியைக் காட்டுவார்.

நம் சித்திரை ஒன்றும் அவர்கள் விஷுவும் ஒன்றுதானே? 2022, 2023 இரண்டு வருஷமும் நமக்கு ஏப்ரல் 14, அவர்களுக்கு 15 ஆனது ஏன்?
– வாசகி, தென்காசி

நல்ல கேள்வி. இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றே, சூரியன் மேஷத்துக்குள் நுழையும் நேரம். சாயங்காலம் சூரியன் மறைவதற்குள் அது நுழைந்துவிட்டால் நமக்கு அன்றைக்கே வருஷப் பிறப்பு. விஷுவுக்கு முக்கியம் விடிகாலைக் கணி, அதாவது கண் விழித்ததும் முதலில் பார்க்கிற மங்கலக் காட்சி. நுழைந்த பிறகு வருகிற முதல் விடியலில்தான் கணி காண வேண்டும். அந்த இரண்டு வருஷமும் 14-ம் தேதி பொழுது விடிந்த பிறகுதான் சூரியன் நுழைந்தது. அதனால் கணி மறுநாளுக்குப் போனது.

கணி வைப்பது வீட்டில் மூத்த பெண்ணின் வேலை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு உருளியில் அரிசி, அதன்மேல் மஞ்சள் நிறக் கணி வெள்ளரி, மாங்காய், உடைத்த தேங்காய், கோடித் துணி, நாணயம், பின்னால் கண்ணாடி, கிருஷ்ணன், மேலே சரக்கொன்றை. விடியும் முன் அவரே முதலில் எழுந்து விளக்கேற்றிப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகக் கண்ணைப் பொத்தி அழைத்து வருவார். குழந்தைகளின் அவசரமெல்லாம் அடுத்து வரும் கைநீட்டத்துக்கு, அதாவது பெரியவர்கள் கையில் வைக்கும் காசுக்கு. இப்போதெல்லாம் கொன்றை சில வருஷம் மாசியிலேயே பூத்துக் கொட்டிவிடுகிறது. கடைகளில் பிளாஸ்டிக் கொன்றை தொங்குகிறது. எங்கள் வீட்டில் அது நுழையாது. நாலே பூ கிடைத்தாலும் நிஜப் பூ போதும்.

மார்கழித் திருவாதிரைக்கு நாம் களி கிண்டுகிறோம். அங்கே?
– வாசகி, சிதம்பரம்

அங்கே அது பெண்களின் நாள். அரிசிச் சோறு கிடையாது. முந்தின நாள், மகயிரம் (நம் மிருகசீரிடம்) அன்று அந்தி நேரத்தில் சேனை, சேம்பு, காச்சில், சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, நேந்திரங்காய் என்று தணலில் சுட்டு, நறுக்கி, வெல்லப்பாகில் எள்ளும் பயறும் சேர்த்துக் கலப்பார்கள். எட்டங்காடி என்று பெயர். சுட்ட கிழங்கின் கரி வாசனை அந்த வெல்லத்தோடு சேரும்போது இருக்கிற ருசி, குக்கரில் வேகவைத்தால் வராது. மறுநாள் கூவைக்கிழங்கு மாவில் பாயசம், கிழங்கும் வன்பயறும் போட்ட புழுக்கு. நம் ஏழுகறிக் கூட்டுக்கு இந்தப் புழுக்கு தூரத்துச் சொந்தம். ராத்திரி குத்துவிளக்கைச் சுற்றிக் கைகொட்டிக்களி ஆட்டம், நடுநிசியில் தலையில் சூடும் பாதிராப்பூ. அன்றைக்கு நூற்றெட்டு வெற்றிலை போட வேண்டும் என்பது பழைய கணக்கு. எங்கள் வீட்டுப் பெண்கள் பத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள், பல் முக்கியம்.

எழுபது வயது அம்மாவைத் திருச்சூர் பூரத்துக்கு அழைத்து வரலாமா?
– வாசகர், சேலம்

தம்பி, குடைமாற்றத்துக்கு மட்டும் வேண்டாம். பாறமேக்காவு, திருவம்பாடி என்கிற இரண்டு கோயில் தரப்பும் பதினைந்து பதினைந்து யானையோடு எதிரெதிரே நின்று குடையை மாற்றி மாற்றி விரிக்கிறபோது தேக்கின்காடு மைதானத்தில் கை உயர்த்த இடமிருக்காது. மேடம் (நம் சித்திரை) மாசத்து வெயில் வேறு. மதியம் வடக்குந்நாதன் கோயில் மதிலுக்குள் நடக்கிற இலஞ்சித்தற மேளத்துக்கும் அதே கதைதான். இருநூறுக்கு மேற்பட்ட செண்டை, கொம்பு, குழல், இலத்தாளக் கலைஞர்கள் வாசிப்பதைக் கேட்க ஊரே உள்ளே இருக்கும்.

அம்மாவுக்கு நான் சொல்வது வேறு. பூரத்துக்கு முந்தின நாளே வந்துவிடுங்கள். யானைகளுக்கான நெற்றிப்பட்டம், ஆலவட்டம் (மயில்பீலி விசிறி), வெண்சாமரம், புதுக்குடைகள் எல்லாவற்றையும் இரு தரப்பும் பார்வைக்கு வைப்பார்கள். வரிசையில் நின்று பக்கத்தில் பார்க்கலாம். பூரத்தன்று அறையில் ஓய்வு, டிவியில் நேரலை. மறுநாள் காலை பகல் பூரத்துக்கு வாருங்கள். வெளியூர்க் கூட்டம் பஸ் ஏறியிருக்கும், அது உள்ளூர்க்காரர்களின் பூரம். யானை உண்டு, மேளம் உண்டு, கடைசியில் இரண்டு பகவதிகளும் உபசாரம் சொல்லி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பிரிவார்கள். குடை, தண்ணீர் பாட்டில், அம்மா மாத்திரை. அறையை மட்டும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள், பூரம் நெருங்கினால் கிடைக்காது.