செல்ஃப்-கன்டெய்ன்ட் என்றால் பாத்திரம் பண்டமும் சேர்த்தா?

தம்பி, அடுத்த மாதம் வேலைக்கு இங்கிலாந்தில் லெஸ்டர் வருகிறீர்கள், பார்த்து வைத்த வாடகை விளம்பரத்தில் 'செல்ஃப்-கன்டெய்ன்ட் ஸ்டூடியோ' என்று போட்டிருக்கிறது, அப்படியென்றால் கட்டில் மெத்தை பாத்திரமெல்லாம் உள்ளேயே இருக்கும்தானே, பெட்டியில் குக்கர் வைக்க வேண்டாமே என்று கேட்டிருக்கிறீர்கள். குக்கரை வையுங்கள். அதுவும் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஆகிற அடி உள்ளதாக.

அந்தச் சொல்லுக்கும் சாமானுக்கும் சம்பந்தமே இல்லை. சமையல், குளியல், டாய்லெட் மூன்றும் உங்கள் கதவுக்கு உள்ளேயே, யாரோடும் பங்கு போடாமல் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். நம் ஊர்த் தனி போர்ஷன் மாதிரி. சாமானுக்கு வேறு சொல்: ஃபர்னிஷ்ட், பார்ட்-ஃபர்னிஷ்ட், அன்ஃபர்னிஷ்ட். ஃபர்னிஷ்ட் என்றாலும் கட்டில், மேசை, அலமாரியோடு நிற்கலாம், தோசைக்கல்லை எதிர்பார்க்காதீர்கள். 'ஆன்-ஸ்வீட்' என்று கண்டால் அது நம் அட்டாச்டு பாத்ரூம், அடுப்பு பெரும்பாலும் பொது.

நான் 2009இல் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இதே சொல்லை நம்பி, நேரில் பார்க்காமல் முன்பணம் கட்டினேன். அறை மூலையில் அடுப்பும் சிங்க்கும் இருந்தது உண்மைதான், ஆனால் டாய்லெட் மாடிப்படி முனையில், மேல்மாடி ஆட்களுக்கும் சேர்த்து ஒன்று. ஜனவரிக் குளிரில் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய் வந்தேன். அதனால் வீடியோ காலில் ஒவ்வொரு கதவையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ஹோல்டிங் டெபாசிட், அதாவது வீட்டை உங்களுக்காகப் பிடித்து வைக்கக் கொடுக்கிற முன்பணம், ஒரு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, 2019 முதல் சட்டம்.

இன்னொன்று, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சிக்குக் கட்டுகிற வீட்டு வரி. வீட்டை அறை அறையாக விட்டிருந்தால் அந்த வரி வீட்டுக்காரர் பொறுப்பு. செல்ஃப்-கன்டெய்ன்ட் என்றால் பொதுவாக ஒவ்வொன்றும் தனி வீட்டுக் கணக்கு, தனி பில், குடியிருக்கிற நீங்கள்தான் கட்ட வேண்டும். 'பில்ஸ் இன்க்ளூடட்' என்றால் இதுவும் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆளாக இருந்தால் 25 சதவீதத் தள்ளுபடி உண்டு, கவுன்சிலுக்கு விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

அப்புறம், ஆபீஸில் யாராவது உங்களையே செல்ஃப்-கன்டெய்ன்ட் என்றால் குழம்பாதீர்கள், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற ஆள் என்று அர்த்தம். பாராட்டா குறையா என்பது சொல்கிறவரைப் பொறுத்தது. என்னை அப்படிச் சொன்ன மேனேஜர், அதே மூச்சில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் போகிற இடத்துக்கு நீ ஏன் வருவதே இல்லை என்று கேட்டார்.