ஏர் கன்னை அட்டைப்பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள்

மன்னார்குடி பக்கம் டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: காற்றழுத்தத்தில் நட்டு போல்ட்டை இறுக்கிக் கழற்றும் அரை இஞ்சு ஏர் கன் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது, ட்ரிக்கரைத் தொட்டாலே முழு வேகத்தில் அடிக்கிறது, மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரின் பிளேடு மாற்றும்போது பையன் இரண்டு போல்ட்டை முறித்துவிட்டான். அதே கன்னைப் பின்சக்கர நட்டில் வைத்தால் நாலு அடி அடித்துவிட்டுச் சோர்ந்துபோகிறது. ஆயிரம் ஃபுட் பவுண்டு கன் எடுங்கள், எல்லாம் சரியாகும் என்கிறார் கடைக்காரர். ட்ரிக்கர் நன்றாகக் கட்டுப்படுகிற கன்னை எப்படிப் பார்த்து வாங்குவது?

முதலில், அந்த ஆயிரம் வேண்டாம். ஃபுட் பவுண்டு என்பது முறுக்கு பலத்தின் அளவு. 1,000 ஃபுட் பவுண்டு என்றால் சுமார் 1,350 நியூட்டன் மீட்டர். தலையில் 8.8 என்று பலத்தின் குறி குத்தியிருக்கும் 12 எம்எம் போல்ட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய 80 நியூட்டன் மீட்டர். முறிக்கிற கையில் இன்னும் பெரிய சுத்தியலைக் கொடுக்கிற கதை இது. பெட்டியில் பெரிதாக அச்சடிக்கிற எண் பெரும்பாலும் கழற்றும்போது ஒரு நொடி கிடைக்கும் உச்ச பலம்தான், இறுக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். பட்டறை பட்டறையாக பைக்கில் கேட்லாக் தூக்கிக்கொண்டு வரும் டூல்ஸ் ஏஜென்ட் சத்தியமாகச் சொல்ல மாட்டார், எண் பெரிதானால் அவர் கமிஷனும் பெரிது.

கொடுமை என்னவென்றால், பெட்டியில் எல்லாவற்றுக்கும் எண் போடுகிறார்கள். ட்ரிக்கர் எவ்வளவு மெதுவாகத் திறக்கும் என்பதற்கு மட்டும் எண்ணே கிடையாது, போடச் சொல்லிக் கேட்பாரும் இல்லை. அதனால் விரலால்தான் வாங்க வேண்டும்.

அதற்கு முன்னால் உங்கள் ஹோஸைப் பாருங்கள். நீங்கள் சொல்கிற இரண்டு குறையில் பாதி அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ட்ரிக்கரை அழுத்தாமல் இருக்கும்போது மெல்லிய ஹோஸிலும் முழு அழுத்தம் வந்து நிற்கும், அதனால் முதல் அடி பேயாக விழும். அழுத்திப் பிடித்ததும் கன் குடிக்கிற வேகத்துக்குக் காற்று வந்து சேராது, சோர்ந்துபோகும். சின்ன போல்ட் முதல் நொடியிலேயே முறிந்துவிடுகிறது, பெரிய நட்டுக்கோ அடுத்த ஐந்து நொடிதான் தேவை, அது கிடைப்பதில்லை. சுருள் சுருளாகத் தொங்குமே, அந்த ஹோஸ் வேண்டாம். உள்விட்டம் 10 எம்எம்முக்குக் குறையாமல் நேர் ஹோஸாகப் போடுங்கள். கன்னில் ஹோஸ் சேரும் இடத்தில் காற்றழுத்தம் காட்டும் ஒரு சின்ன கேஜ் மாட்டி, ட்ரிக்கரை அழுத்தியபடியே முள்ளைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 90 பிஎஸ்ஐ காட்டி, அழுத்தினால் 60-க்கு இறங்கினால் புதுக் கன் வாங்கியும் பிரயோஜனமில்லை. கம்ப்ரசர் விற்பவர் சொல்லும் சிஎஃப்எம்மையும் (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற எண்) அப்படியே நம்ப வேண்டாம். அது பிஸ்டன் தள்ளுகிற கணக்கு, குழாயில் வருவது அதைவிடக் குறைவு.

சரி, கடைக்குப் போகிறீர்கள். ஒரு துண்டு சேனல் இரும்பில் 12 எம்எம் போல்ட் ஒன்றை மாட்டி, நட்டைக் கையால் இரண்டு மரை ஏற்றி, பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடையில் கன்னை வெறும் காற்றில் விர்ரென்று ஓட்டிக்காட்டுவார்கள், அது டெமோவே இல்லை, சினிமா. கும்பகோணத்தில் ஒரு கடையில் ரெகுலேட்டர் முள் 120-ல் நிற்பதைப் பார்த்து நான் கேட்டதற்கு, "சார், கஸ்டமருக்கு ஃபோர்ஸ் தெரியணுமே" என்றார் பையன். 90-க்கு இறக்கச் சொல்லுங்கள். பிறகு சாக்கெட்டை நட்டில் வைத்து ட்ரிக்கரை மயிரிழை அளவு அழுத்துங்கள். சுற்றுகளை எண்ணும்படி மெதுவாகத் திரும்ப வேண்டும். நட்டு உட்கார்ந்ததும் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் டக்... டக்... என்று தனித்தனி அடியாக விழ வேண்டும். பாதி தூரம் ஒன்றும் நடக்காமல், அப்புறம் திடீரென்று தடதடவென்று கொட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பத்துத் தடவை அழுத்திப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் சுற்றத் தொடங்க வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும்.

உங்கள் வேலைக்கு 400, 500 ஃபுட் பவுண்டு போட்ட ட்வின் ஹேமர் (உள்ளே இரண்டு சுத்தியல் அடிக்கிற) கன் தாராளம். 10 எம்எம்முக்குக் கீழே எந்த போல்ட்டுக்கும் கன்னே வேண்டாம், ராட்செட் போதும். கடைசி இறுக்கம் எப்போதும் டார்க் ரெஞ்சில்தான், அதாவது இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனரில்தான்.

கன் பின்னால் 1, 2, 3 என்று ஒரு திருகு இருக்கும். ட்ரிக்கர் மோசமானாலும் இதை வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். அது உச்சத்தைக் குறைக்கும், ட்ரிக்கரை நல்லதாக்காது. இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியே ஆகவேண்டும். பல கன்களில் அந்தத் திருகு வலப்பக்கம் சுற்றும்போது மட்டும் காற்றைக் குறைக்கும், ரிவர்ஸில் எப்போதும் முழுக் காற்றுதான். சாதாரண மரைக்கு இது சௌகரியம்: இறுக்கும்போது அளவாக, கழற்றும்போது முழுப் பலமாக. ஆனால் இடப்பக்கம் சுற்றினால் இறுகுகிற இடது மரைக்கு எல்லாம் தலைகீழ். சில பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கர நட்டு இடது மரையாக இருக்கும். அதை இறுக்குவது ரிவர்ஸில். 1-ல்தானே வைத்திருக்கிறோம் என்று பையன் தைரியமாக அழுத்துவான், முழு அடியும் நட்டு ஏறும் ஸ்டட்டில் விழும். கழற்றும்போதோ 1-ல் வைத்த கன் முனகும், நட்டு பிடித்துவிட்டது என்று நினைத்து பைப்பை மாட்டித் தொங்குவார்கள். உங்கள் கன் எந்த வகை என்று பார்க்க ரிவர்ஸில் போட்டு, திருகை 1-லும் 3-லும் வைத்து வெறும் காற்றில் ஓட்டுங்கள். சத்தம் மாறவில்லையா, அப்படியானால் ரிவர்ஸில் உங்கள் விரல் மட்டும்தான் பிரேக்.

நல்ல ட்ரிக்கரும் நம் ஊரில் கெட்டுப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டேங்க் அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடாவிட்டால் அது கன் வால்வுக்குள் போய்த் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அழுத்தினால் எல்லாமே திடீர்தான். காலையில் நாலு சொட்டு ஏர் டூல் ஆயில் விடுங்கள். எஞ்சின் ஆயில் கெட்டி, உள்ளே பிசினாகும். டீசல் ஊற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

வாரன்டியைக் காட்டி விலை ஏற்றினாலும் மயங்காதீர்கள். ட்ரிக்கர் வால்வு தேய்மானப் பொருள், வாரன்டியில் வராது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டி, சேற்றில் ஓட்டும் இரும்புக் கேஜ் வீலும் ரொட்டவேட்டருமாக வாசலில் வண்டி நிற்கும் நேரத்தில் கன் சர்வீசுக்குச் சென்னை போனால் குறுவை நாற்று நட்டு முடிந்த பிறகுதான் திரும்பும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ வால்வும் ஓ-ரிங்கும் தனியாகக் கிடைக்கிற கன்னாக, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள்.

இருக்கிற கன்னை உடனே தள்ளிவிட வேண்டாம். ஹோஸை மாற்றிவிட்டு, பின்சக்கர நட்டு கழற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பிளேடு பக்கம் கொண்டுபோகாதீர்கள்.