நெஞ்சில் நிற்கும் சோறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு நான்கு வருடமாக அகலேசியா என்ற உணவுக்குழாய் நோய். சோறு, தண்ணீர் எல்லாம் நெஞ்சிலேயே நிற்கிறது. மருத்துவமனையில் ஓர் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். வாய்வழியாக எண்டோஸ்கோப் விட்டுத் தசையை வெட்டும் ‘போயம்’, வயிற்றில் துளையிட்டு அதே தசையை வெட்டும் ஹெல்லர் அறுவை, இந்த இரண்டில் எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லுமாம். மனைவி “நீங்க என்ன சோதனை எலியா?” என்கிறாள். சமூகத்துக்காக ஒரு தியாகம் என்று எனக்குத் தோன்றுகிறது. சேரலாமா? அதுவரை சீரகத் தண்ணீர் உதவுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சீரகத் தண்ணீரை விடுங்கள். உணவுக்குழாயின் அடியிலுள்ள தசையைத் தளரச் சொல்லும் நரம்பணுக்களே அழிந்துபோயிருக்கின்றன. சீரகம் என்ன செய்யும்? எலிப் பேச்சும் வேண்டாம். ஹெல்லர் தன் அறுவையைச் செய்தது 1913இல். போயத்தை ஜப்பானில் இனோவே தொடங்கியது 2008இல். எது விழுந்தாலும் உங்களுக்குச் சிகிச்சை உண்டு.

அந்தத் தியாகம்தான் எரிச்சலூட்டுகிறது. மேசையில் போய்ப் படுப்பது உங்கள் சோற்றுக்காக. ஆய்வுக்கு நீங்கள் கொடுப்பது அதற்கு அப்புறம்தான் வருகிறது. நன்றாக விழுங்க ஆரம்பித்த பிறகும் லீவு போட்டு, வெறும் வயிற்றோடு போய், மறுபடி அந்தக் குழாயை விழுங்க வேண்டும்.

என் சித்திக்கு இதே நோய். ஒரு வாய் சோறு, ஒரு டம்ளர் தண்ணீர். உடனே எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நெஞ்சை நிமிர்த்துவாள். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால் “அப்பவே ஆச்சு” என்பாள். ராத்திரி எதுக்களித்துத் தலையணை நனையும் என்று துண்டு விரித்துப் படுப்பாள். அல்சர் என்றார்கள், மனசு என்றார்கள். கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் பலூன் வைத்து விரித்தார்கள், தோசை இறங்கியது. டிஸ்சார்ஜ் சீட்டோடு சரி, அப்புறம் எப்படி இருக்கிறாய் என்று ஒரு கார்டு வரவில்லை. சில வருடங்களில் கைகள் மறுபடி மேலே போயின. அந்த ஆஸ்பத்திரிக் கணக்கில் அவள் இன்னமும் குணமானவள்தான்.

2019இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் நீங்கள் சொல்லும் இதே இரண்டு முறைகளை 221 பேரிடம் ஒப்பிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து விழுங்குவதில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம்: போயத்துக்கு 83 சதவீத வெற்றி, ஹெல்லருக்கு 82. ஆனால் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால், போயம் செய்துகொண்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது. ஹெல்லரில் 29. சோறுதான் இறங்குகிறதே என்று அவர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் இந்த விஷயம் வெளியே வந்திருக்காது.

சரி, சேருங்கள். எத்தனை வருடம் கூப்பிடுவார்கள், பஸ் காசு யார் தருவார்கள், புண் வந்தால் மாத்திரை யார் செலவு என்று கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், 2009 முதல் அது கட்டாயம். இடையில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மனைவியையும் கூட்டிப் போங்கள், கேள்வி கேட்பதில் உங்களைவிட அவர் கெட்டிக்காரர் என்று கடிதத்திலேயே தெரிகிறது.