பிரிட்டனில் “அடுத்த தலைவர் இவர்தான்” என்று பேசப்படுபவர் ஏன் அடிக்கடி தோற்கிறார்? பணமும் வெற்றியும் அங்கே ஒரு தலைவருக்குப் பலமா, பாரமா?

முதல் பாதிக்குப் பதில் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் போட்டி என்பது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் இரண்டு தேர்தல்கள். முதலில் எம்.பி.க்கள் மட்டும் ரகசியமாக வாக்களிப்பார்கள். சுற்றுக்குச் சுற்று கடைசியில் வருபவர் வெளியேறுவார். இருவர் மிஞ்சியதும் முடிவு சந்தா கட்டும் உறுப்பினர்கள் கைக்குப் போகும். எம்.பி.க்களின் ரசனையும் உறுப்பினர்களின் ரசனையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

2022 கோடையைப் பாருங்கள். அப்போது ஆட்சியில் இருந்தது இந்தக் கட்சி, எனவே கட்சித் தலைவராக ஜெயிப்பவரே பிரதமர். எம்.பி.க்களின் ஐந்து சுற்றிலும் ரிஷி சுனக்தான் முதலிடம். கடைசிச் சுற்றில் அவருக்கு 137, லிஸ் டிரஸ்ஸுக்கு 113, பென்னி மோர்டான்டுக்கு 105. உறுப்பினர் வாக்குகளை எண்ணியபோது டிரஸ் 81,326, சுனக் 60,399. ஏழு வாரத்தில் டிரஸ் ஆட்சி முடிந்தது. உடனே நடந்த அடுத்த போட்டியில், நிற்கவே 100 எம்.பி.க்களின் முன்மொழிவு வேண்டும் என்று வாசற்படியை உயர்த்திவிட்டார்கள். மோர்டான்ட் கடைசி நிமிடத்தில் விலகினார். உறுப்பினர்களிடம் கேட்காமலேயே சுனக் பிரதமர். இரண்டு மாத இடைவெளியில் அதே ஆள், அதே கட்சி. விதியை மாற்றியதும் விடையும் மாறிவிட்டது.

இதைவிட வேடிக்கை 2024 அக்டோபரில் அதே கட்சியில் நடந்த தலைவர் போட்டி. பர்மிங்காம் மாநாட்டில் நன்றாகப் பேசிய ஜேம்ஸ் கிளெவர்லி, முந்தைய சுற்றில் 21 வாக்கு வாங்கியவர், 8-ஆம் தேதி 39-க்குத் தாவினார். ராபர்ட் ஜென்ரிக் 31, கெமி பேடனாக் 30. 20 வாக்கு வாங்கிய டாம் டுகென்ஹாட் வெளியே. கிளெவர்லி தலைவராகிவிட்டார் என்றே பலரும் எழுதினார்கள். மறுநாள் முடிவு: பேடனாக் 42, ஜென்ரிக் 41, கிளெவர்லி 37. மூன்றாமிடம், அவுட்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மொத்தம் 120 வாக்கு, மூன்று பேர். 41 வாங்கிவிட்டால் இறுதி இருவரில் ஒருவராக இடம் உறுதி, மற்றவர்கள் என்ன செய்தாலும் சரி. கிளெவர்லிக்கு இன்னும் இரண்டே வாக்கு தேவைப்பட்டது. டுகென்ஹாட்டின் 20 கேட்பாரற்றுக் கிடந்தது. ஆனால் “நம்ம ஆள் எப்படியும் உள்ளே வந்துவிட்டார், எதிரே நிற்க எளிதில் தோற்கக்கூடியவரைத் தேர்ந்தெடுப்போம்” என்று கிளெவர்லியின் ஆதரவாளர்கள் சிலர் வாக்கை வேறு பக்கம் போட்டதாக அப்போது பரவலாகப் பேசப்பட்டது. ரகசிய வாக்கு என்பதால் இந்த வியாபாரத்தை ஒருங்கிணைக்கவும் முடியாது, சரிபார்க்கவும் முடியாது. முன்னணியில் இருப்பவருக்கு மட்டுமே வரும் நோய் இது. பின்தங்கியவரின் ஆட்கள் வாக்கை விளையாட்டுக்குக் கொடுப்பதில்லை.

இன்னொரு பெரிய கட்சியான லேபரில் பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது: முன்மொழிவில். 2015-ல் தலைவர் போட்டியில் நிற்கவே ஜெரமி கோர்பினுக்கு 35 எம்.பி.க்களின் முன்மொழிவு தேவைப்பட்டது, கெடு முடியும் நேரத்தில் 36 கிடைத்தது. விவாதம் விரிவாக இருக்கட்டுமே என்று, அவருக்கு வாக்களிக்கும் எண்ணமே இல்லாத சிலரும் பெயர் கொடுத்தார்கள். அவர் 59.5% வாங்கி ஜெயித்தார். அடுத்த ஆண்டு எம்.பி.க்கள் 172-40 என்று நம்பிக்கையில்லை என்றார்கள். உறுப்பினர்கள் அவரை இன்னும் கூடுதல் வாக்கில் மீண்டும் தலைவராக்கினார்கள். 2021-ல் அந்த வாசற்படி எம்.பி.க்களில் 20% ஆக உயர்ந்தது. எனவே லேபரில் யாராவது ‘வாரிசு’ என்று செய்தி வந்தால், கருத்துக்கணிப்பைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டைப் பாருங்கள்: அவர் எம்.பி.யா, அந்த 20% கையெழுத்து வருமா.

இனி பணமும் வெற்றியும். இங்கே 1990-ஐப் பார்க்காமல் முடியாது. பிரதமர் மார்கரெட் தாட்சரின் கட்சித் தலைமையை அவருடைய முன்னாள் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் எதிர்த்து நின்றார். முதல் சுற்றில் தாட்சர் 204, ஹெசல்டைன் 152. அன்றைய விதிப்படி பெரும்பான்மை மட்டும் போதாது, மொத்த எம்.பி.க்களில் 15% வித்தியாசமும் வேண்டும். 372 பேரில் அது 56. தாட்சருக்கு இருந்தது 52. இரண்டு பேர் இந்தப் பக்கம் வந்திருந்தால் தாட்சர் தப்பியிருப்பார். அவர் விலகியதும் அடுத்த சுற்றில் ஹெசல்டைனின் 152, 131 ஆகச் சுருங்கியது. 21 பேருக்கு வேண்டியிருந்தது தாட்சர் போவது, ஹெசல்டைன் வருவது அல்ல. தலைவரைக் கவிழ்த்தவருக்கு நாற்காலி கிடைக்காது என்று இதை வைத்து ஒரு விதியே சொல்வார்கள். பாதிதான் உண்மை: 1975-ல் அன்றைய தலைவர் ஹீத்தை நேருக்கு நேர் எதிர்த்து 130-119 என வென்று வந்தவர்தான் தாட்சர்.

ஹெசல்டைன் பத்திரிகைப் பதிப்பில் சொந்தமாகச் சம்பாதித்த கோடீஸ்வரர். அவரைப் பற்றிச் சக கன்சர்வேட்டிவ் ஒருவர் அடித்ததாகச் சொல்லப்படும் நக்கல்: வீட்டு மேசை நாற்காலியை எல்லாம் அவரே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்ததாம். அதாவது, தாத்தா காலத்துச் சாமான் இல்லாத வீடு. அதே போட்டியில் நின்ற டக்ளஸ் ஹர்டுக்கு நேர்மாறான தலைவலி. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேர்போன ஈட்டன் பள்ளியில் படித்தவர், அப்பாவும் எம்.பி. தன் அப்பா வெறும் குத்தகை விவசாயிதான் என்று விளக்கம் கொடுக்க வேண்டிவந்து, நான் நிற்பது கன்சர்வேட்டிவ் கட்சிக்கா, இல்லை ஏதோ கிறுக்குப் பிடித்த மார்க்சியக் குழுவுக்கா என்று எரிந்து விழுந்தார். ஜெயித்தது 16 வயதில் பள்ளியை விட்ட ஜான் மேஜர். லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதித் தொழிலாளி வீட்டுப் பையனைப் பிரதமராக்கிய கட்சி என்று 1992-ல் அதையே சுவரொட்டியாக ஒட்டினார்கள்.

ஆக, உழைத்து மேலே வந்த கதைக்குச் சந்தை உண்டு. வந்து சேர்ந்த பிறகுள்ள வசதிக்கு இல்லை. சுனக்கின் அப்பா டாக்டர், அம்மா சவுத்தாம்ப்டனில் மருந்துக்கடை நடத்தியவர். அது நல்ல கதை. ஆனால் 2022 ஏப்ரலில் அவர் மனைவியின் வெளிநாட்டு வருமானத்துக்கு பிரிட்டனில் வரி கட்டாதது வெளிவந்தது. சட்டப்படி தவறில்லை, அப்போது சுனக் நிதியமைச்சர் என்பதுதான் அடித்தது. 2024 ஜூனில், சிறுவயதில் எது கிடைக்காமல் வளர்ந்தீர்கள் என்று டிவி பேட்டியில் கேட்டபோது அவர் சொன்ன பதில்: கட்டணச் சேனலான ஸ்கை டிவி. அந்த ஒரு வரி பிரசாரம் முடியும்வரை அவரை விடவில்லை. அதே மாதம் கிரிம்ஸ்பி நகரில் நடந்த டிவி நிகழ்ச்சியில் அப்போதைய லேபர் தலைவர் கீர் ஸ்டார்மர், ஏற்கெனவே பலமுறை சொன்னதுபோல, தன் அப்பா தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் தொழிலாளி என்று ஆரம்பித்தார். அரங்கத்தில் சிரிப்பு.