மீதி பதிமூன்றும் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் முதுகலைப் பொருளியல் மாணவி. ஆய்வேட்டுக்காக சிமெண்ட் விலைக்கும் விற்பனைக்கும் உள்ள உறவைப் பார்க்கிறேன். பத்து வருடத் தரவு, மாதவாரியாக 120 வரிசை. விலை ஏறினால் விற்பனை குறைய வேண்டும். எனக்கோ கெழு (விலை மாறினால் விற்பனை எவ்வளவு மாறும் என்று காட்டும் எண்) பிளஸ்ஸில் வருகிறது. "குறி தப்பாக இருக்கிறது, இன்னும் சில மாறிகளை, அதாவது விற்பனையைப் பாதிக்கும் மற்ற காரணிகளை, சேர்த்துப் பாருங்கள்" என்றார் வழிகாட்டி. சேர்த்தேன். 14வது முறை மைனஸ் வந்தது, பி-மதிப்பு (உறவே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.03. இதையே எழுதிவிடலாமா? இப்படிச் சேர்க்கும் கட்டுப்பாட்டு மாறிகளை எத்தனை வரை போடலாம்? நிரல் மொழிகளில் பைத்தான் படிப்பதா, ஆர் படிப்பதா? மெஷின் லேர்னிங் வந்த பிறகு எகனாமெட்ரிக்ஸுக்கு, பொருளியல் தரவைப் புள்ளியியலால் ஆராயும் இந்தத் துறைக்கு, எதிர்காலம் உண்டா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள மாணவிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். மெஷின் லேர்னிங் அடுத்த மாதம் எவ்வளவு விற்கும் என்று கணிக்க நன்றாக உதவும். விலையை ஏற்றினால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி, அதற்கு அது தானாகப் பதில் சொல்லாது. பைத்தானோ ஆரோ, கைக்குப் பழகியதைப் படியுங்கள். எத்தனை மாறி என்பதற்குக் கணக்கு எதுவும் கிடையாது.

அந்த 14க்கு வருவோம். போன வாரம்தான் பழைய காகிதங்களை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு கட்டு கிடைத்தது, துருப்பிடித்த கிளிப்போடு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்துக் கட்டு அது. பஸ் கட்டணத்தை ஏற்றினால் எத்தனை பயணிகள் குறைவார்கள் என்று கணக்கிடச் சொல்லியிருந்தார்கள். முதல் முறை ஓட்டினேன். கட்டணம் ஏற ஏற பயணிகள் கூடினார்கள்! பயந்துபோனேன். காலப்போக்கைச் சேர்த்தேன், சில வருடங்களை வெட்டினேன், லாக் எடுத்தேன், எடுத்ததைத் திரும்ப நீக்கினேன். 31வது முறை மைனஸ் 0.3 வந்தது, அதாவது கட்டணம் ஒரு சதவீதம் ஏறினால் பயணிகள் 0.3 சதவீதம் குறைவார்கள். பாடப்புத்தகத்தில் வருவது போன்ற எண். அந்த ஒரு பக்கத்தைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு மேலே கொடுத்தேன். பக்கத்து மேஜையில் இருந்த அக்கா ஒருவர், வயதில் மூத்தவர், கட்டின் தடிமனைப் பார்த்துவிட்டு, "மீதி முப்பதும் எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து ஒரு கூட்டத்தில், நான் அறியாத ஒருவர் அந்த 0.3ஐப் புவியீர்ப்பு விதியைச் சொல்வது போலச் சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அது உறுத்துகிறது.

அதனால் கோபமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. நீங்கள் செய்தது தரவை விசாரிப்பது ஆகாது. விரும்பிய வாக்குமூலம் வரும்வரை அடிப்பது. பி-மதிப்பு 0.03 என்பதற்கு உள்ள பொருள், ஒரே ஒரு சோதனையை முன்கூட்டியே தீர்மானித்துச் செய்தவருக்கு உள்ளது. பதிமூன்றைக் கசக்கி எறிந்துவிட்டுப் பதினாலாவதை எடுத்தவருக்கு அந்த எண் எதையும் சொல்வதில்லை. பொருளியலாளர் எட்வர்ட் லீமர் 1983லேயே இதைக் கடுமையாக எழுதிவிட்டார்: கணினியில் பல மாதிரிகளை ஓட்டிப் பார்த்து, பிடித்ததை மட்டும் அச்சிடும் பழக்கம் இருக்கும்வரை, ஒருவர் சொல்லும் முடிவை இன்னொருவர் நம்பக் காரணமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதைப் படித்திருக்கவில்லை. நீங்கள் இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது.

இதில் எனக்கு அதிகம் வருத்தம் எது தெரியுமா? உங்கள் முதல் ரிசல்ட் தப்பே இல்லை. அதற்குத் தேவைக் கோடு (ஒவ்வொரு விலைக்கும் மக்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) என்று பெயர் வைத்ததுதான் தப்பு.

1914இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மூர் இதே இடத்தில் நின்றார். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு போன்ற பயிர்களுக்குத் தேவைக் கோடு போட்டார், கீழே இறங்கியது. கச்சா இரும்புக்குப் போட்டார், மேலே ஏறியது. புது வகைத் தேவைக் கோட்டைக் கண்டுபிடித்ததாக அறிவித்துவிட்டார். மறுவருடமே பிலிப் ரைட் என்ற பொருளியலாளர் அதில் உள்ள ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்.

ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவைக்கு ஒரு கோடு, அளிப்புக்கு, அதாவது ஒவ்வொரு விலைக்கும் விற்பவர்கள் எவ்வளவு விற்க முன்வருவார்கள் என்பதற்கு, ஒரு கோடு. உங்கள் 120 புள்ளிகளில் ஒவ்வொன்றும் அந்த மாதத்தில் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொண்ட இடம். நமக்குக் கிடைப்பது வெட்டும் புள்ளிகள் மட்டுமே, கோடுகளை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. பயிர் விஷயத்தில் வருடா வருடம் மழையும் வெயிலும் அளிப்பைத் தள்ளுகின்றன, தேவை ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. அதனால் புள்ளிகள் தேவைக் கோட்டின் மேலேயே விழுகின்றன. இரும்பில் தலைகீழ். தொழில் செழித்தால் தேவை எகிறும், மந்தம் வந்தால் படுத்துவிடும், உலைகள் அதே உலைகள். புள்ளிகள் அளிப்புக் கோட்டை வரைந்துகொண்டு போகும். மூர் பார்த்தது அதைத்தான். உங்கள் சிமெண்டும் இரும்பின் உறவுக்காரன். கட்டடம் எழும் மாதத்தில் விற்பனையும் கூடும், விலையும் கூடும். அந்த பிளஸ் குறி இதைத்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நீங்கள் அதன் வாயைப் பொத்த மாறிகளைத் திணித்தீர்கள்.

ரைட் குறை சொன்னதோடு நிற்கவில்லை. 1928இல் எண்ணெய்கள் மீதான சுங்கவரி பற்றி எழுதிய நூலின் பின்னிணைப்பில் வழியையும் காட்டினார்: ஒரு கோட்டை மட்டும் அசைத்து இன்னொன்றைத் தொடாத ஏதாவது ஒன்றைத் தேடு. இன்று கருவி மாறி என்கிறோமே, அது அங்கே பிறந்தது. அந்தப் பின்னிணைப்பைப் பல வருடம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையில் பொருளியலாளர் கேத்ரின் கிராடி செய்த வேலையையும் தேடிப் படியுங்கள். சந்தைக்கே போய், ஒரு மொத்த வியாபாரியின் விற்பனைத் தாள்களைச் சேகரித்தார். டிசம்பர் 1991 முதல் மே 1992 வரை 111 நாட்கள். கடலில் புயல் என்றால் மீன்வரத்து குறையும், கரையில் இருப்பவரின் தேவை அதனால் பெரிதாக மாறாது. அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு தேவைக் கோட்டைக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு விற்பனையையும் தனித்தனியாகக் குறித்ததால் இன்னொன்றும் தெரிந்தது: ஒரே மீனுக்கு ஆளைப் பொறுத்து வேறு வேறு விலை. சராசரி விலையை இணையத்தில் இறக்கிக்கொண்டவருக்கு இது எந்த ஜென்மத்திலும் தெரிந்திருக்காது.

சரி, உங்கள் சிமெண்டுக்கு என்ன செய்வது? சூளை எரிய எரிபொருள் வேண்டும், நிலக்கரி விலை அளிப்பைத் தள்ளும். அதில் ஆரம்பியுங்கள். ஆனால் பொருளாதாரம் சூடேறும்போது நிலக்கரி விலையும் கட்டுமானமும் சேர்ந்தே ஏறலாம், அப்போது அந்தக் கருவி கெட்டுவிடும். எந்த மென்பொருளும் இதைச் சோதித்துச் சொல்லிவிடாது. ஆலை எப்படி ஓடுகிறது, விலையை யார் எப்போது மாற்றுகிறார்கள் என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு டீலர்களிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். ஒருவேளை கடைசியில் கருவியே கிடைக்காமல் போகலாம். அப்படியானால் "இந்தத் தரவில் தேவைக் கோட்டைக் காண முடியவில்லை" என்று எழுதுங்கள், ஏன் என்றும் எழுதுங்கள். அது தோல்வி இல்லை. என் 0.3ஐ விட அது ஆயிரம் மடங்கு மேல்.

வழிகாட்டியோடு சண்டைக்குப் போகாதீர்கள். மூரின் இரும்புக் கதையைச் சொல்லி, முதல் ரிசல்ட்டையும் கடைசி ரிசல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் புரியும்.

அப்புறம், பதினாலையும் எனக்கு அனுப்புங்கள். ஓட்டிய வரிசையிலேயே. ஒவ்வொரு மாறியையும் சேர்த்தபோது என்ன நினைத்துச் சேர்த்தீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். "குறி மாறுமா என்று பார்க்க" என்பதுதான் உண்மை என்றால் அதையே எழுதுங்கள்.

அன்புடன்.