பலகையின் கடைசி வரியை முதலில் படியுங்கள்

கேள்வி: ஆகஸ்டில் டென்வரிலிருந்து வயோமிங் வழியாக யெல்லோஸ்டோன் போகிறோம். போன முறை, 'ஓரிகன் டிரெயில்' என்று சாலையோரப் பலகை கண்ட இடமெல்லாம் காரை நிறுத்தினோம். எதிரே வெறும் புல்வெளிதான். பிள்ளைகள் சலித்துப்போனார்கள். எங்கே நிறுத்தலாம்? பலகையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பலாமா?

பதில்: புல்வெளி வெறுமையாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் மேற்கே போன வண்டிப்பாதைதான் ஓரிகன் டிரெயில். மிசூரியிலிருந்து ஓரிகன் வரை ஏறத்தாழ 3,200 கி.மீ. நீண்ட அந்தப் பாதை இரு ஓரம் கட்டிய சாலை அல்ல. பெரும்பாலும் எருது பூட்டிய வண்டிகள். முன்வண்டி கிளப்பும் புழுதியைத் தின்ன யாருக்கும் விருப்பமில்லை. இடம் கிடைத்த இடத்தில் பக்கம் பக்கமாகப் பரவிப் போனார்கள். எல்லா வண்டியும் ஒரே இடத்தில் நெருங்கிப் போக வேண்டி வந்த இடங்களில்தான் தடம் ஆழமாகப் பதிந்தது.

அப்படி ஓர் இடம் வயோமிங்கிலுள்ள கர்ன்சி என்ற ஊர். ஐ-25 நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் கிழக்கே விலக வேண்டும். தயங்காமல் விலகுங்கள். அங்கே மணற்பாறையையே சக்கரங்கள் அறுத்திருக்கின்றன. சில இடத்தில் ஆழம் 1.5 மீட்டர். பிள்ளைகளை உள்ளே இறங்கி நிற்கச் சொல்லுங்கள். பலகை எதுவும் சொல்லவேண்டியிருக்காது.

அடுத்து காஸ்பருக்குத் தென்மேற்கே, 220ஆம் எண் சாலையோரம் இண்டிபென்டன்ஸ் ராக் என்ற பெரிய பாறை. ஜூலை 4க்குள் இங்கே வந்துவிட்டால் பனிக்கு முன் மேற்கு மலைகளைத் தாண்டலாம் என்பது அன்றைய கணக்கு. பயணிகள் வண்டி அச்சுக்குப் போடும் மசகால் எழுதிய பெயர்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன, செதுக்கியவை நிற்கின்றன. காலையிலேயே ஏறுங்கள், பாம்பு உண்டு, பார்த்துக் கால் வையுங்கள். உங்கள் பெயரைச் செதுக்காதீர்கள், குற்றம். கீழே கிடக்கும் பழைய ஆணியைக்கூட எடுக்கக்கூடாது.

இனி, நம்பலாமா என்ற கேள்வி. பலகையின் கடைசி வரியை முதலில் படியுங்கள். வைத்தவர் யார், எந்த ஆண்டு என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 1852இல் எருதுவண்டியில் ஓரிகன் போன எஸ்ரா மீக்கர், 1906இல் முதிய வயதில் அதே வழியே கிழக்கு நோக்கித் திரும்பி, தடம் மறைந்துபோகாமலிருக்க ஊர் ஊராகக் கல் நடவைத்தார். அந்த அக்கறை இல்லையென்றால் பல இடங்கள் இன்று தெரிந்திருக்காது. ஆனால் குடியேறியவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்டது அது. அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கல்லில் இடமில்லை.

லாரமி கோட்டைக்கு அருகே 1854இல் நடந்ததைப் பாருங்கள். ஒரு பயணியின் மாட்டை லகோட்டா என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒருவர் கொன்றதற்காக, அமெரிக்கப் படையின் லெப்டினன்ட் கிராட்டன் பீரங்கியோடு அவர்கள் முகாமுக்குப் போனார். படையினர் சுட்டதில் தலைவர் காங்கரிங் பேர் படுகாயமடைந்து பின்னர் இறந்தார். பதில் தாக்குதலில் கிராட்டனும் அவர் படையும் அழிந்தார்கள். இதற்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் 'கிராட்டன் படுகொலை'. யார் முதலில் சுட்டார்கள் என்பதை அந்தப் பெயர் மறைத்துவிடுகிறது. ஆண்டு, ஊர், ஆட்பெயர் சரியாக இருந்தும் பலகை தவறாக வழிகாட்டக்கூடும்.

சில சமயம் இடமே தவறு. லாண்டர் பக்கமிருந்து 28ஆம் எண் சாலையில் சவுத் பாஸ் கணவாயைக் கடந்து பார்சன் என்ற ஊரை நோக்கி இறங்கினால், 'வழிகள் பிரியும் இடம்' என்று முன்பு குறிக்கப்பட்ட நிறுத்தம் வரும். ஓரிகன் போகும் குறுக்குவழியும் பழைய வழியும் இங்கே பிரிந்தன என்று நம்பியிருந்தார்கள். உண்மையில் பிரிந்தது சுமார் 15 கி.மீ. தள்ளி. பின்னர் வைத்த பலகை அந்தத் தவறைத் திருத்துகிறது. என்னைக் கேட்டால், இந்த வழியில் மற்ற எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது. ஒரு கூற்று எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம்.

அங்கே மாலையில் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் நிலத்தில், சூரியன் சாய்ந்ததும் பழைய வண்டித்தடங்களின் பள்ளத்தில் நிழல் விழும். சேஜ் புதர்கள் வரிசை மாறி நிற்கும் இடத்தையும் தேடுங்கள். பார்சனில் பெரிய கோன் ஐஸ்கிரீமுக்குப் பேர்போன கடை ஒன்று உண்டு. மூடும் நேரத்தை முன்னதாகக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.